நச்சுப்பாசியைக் கண்காணிப்பது எப்படி: ஒரு மில் லேப்காரியின் முறை

"தண்ணி செவந்திருக்கா?" எங்கள் பக்கத்தில் கடலைப் பற்றி முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். சிவந்திருக்கிறது என்றால் அந்த வாரம் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கேராங் என்ற சிப்பி விற்காது. தெளிவாக இருக்கிறது என்றால் இரண்டு கிலோ சேர்த்தே வாங்குவார்கள். இரண்டுமே தப்புக் கணக்கு.

என்னைப் பற்றி இரண்டு வரி. மலேசியாவின் பினாங்கில், நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் லேப்பில் வேலை. எண்ணெயில் கொழுப்பமிலம் எவ்வளவு, கழிவுக் குளத்தில் பி.ஓ.டி. (கழிவு மக்கும்போது உறிஞ்சும் ஆக்சிஜன் அளவு) எவ்வளவு என்று பார்ப்பதுதான் தினப்படி. என் தம்பி பூலாவ் அமான் பக்கம் ஒரு தவுக்கேயின் (முதலாளியின்) மீன் கூண்டுகளில் வேலை செய்கிறான். சியாக்காப், கெராப்பு என்ற மீன்களை வளர்க்கிறார்கள். லீவு நாளில் பத்து மூசாங் ஜெட்டியிலிருந்து அவனோடு படகேறி, மில்லில் கற்ற பழக்கத்தையே கடலிலும் செய்து பார்க்கிறேன். தமிழ்ப்பள்ளி அறிவியல் கழக ஆசிரியைகள் இருவர் எழுதித் தரச் சொன்னதால் இந்தக் குறிப்பு.

முதலில் நிறத்தின் கதை. நாக்டிலூக்கா என்ற உயிரி பெருகினால் தண்ணீர் சிவப்பாகவோ பச்சையாகவோ மாறும். இரவில் துடுப்புப் பட்ட இடம் நீலமாக மின்னும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது மனிதரைக் கொல்லும் நஞ்சைச் செய்வதில்லை. அம்மோனியாவை விட்டும், செத்து அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றும் மீனைத்தான் கொல்லும். அலெக்சாண்ட்ரியம் என்ற நச்சு நுண்பாசி நேர் எதிர். லிட்டருக்குச் சில நூறு செல் இருந்தாலே பல நாடுகளில் உஷாராகிவிடுவார்கள். அந்த அளவில் தண்ணீரின் நிறம் கொஞ்சமும் மாறாது. ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்னும் கூப்பாங், லோக்கான் போன்ற சிப்பிகள் அந்தச் சில நூறைத் தம் உடம்பில் சேர்த்துக்கொண்டே போகும். சேர்வது சாக்சிடாக்சின். நரம்பை முடக்கும் நஞ்சு.

நம் நாட்டில் இது புதிதல்ல. 1976இல் சபாவில் பைரோடினியம் என்ற இன்னொரு நச்சு நுண்பாசி பெருகியபோது 202 பேர் பாதிக்கப்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். 1991இல் மலாக்காவின் செபாத்துவில் வளர்ப்புக் கூப்பாங் தின்ற மூவர் நோயில் விழுந்தார்கள். 2001இல் கிளந்தான் தும்பாட்டில், சுங்கை கெத்திங்கில் பிடித்த சிப்பியால் ஒருவர் இறந்தார். 2013, 2014இல் குவாந்தான். 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சனில் கூப்பாங் சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மீன்வளத் துறை அந்தக் கடற்கரைச் சிப்பிகளைத் தின்ன வேண்டாமென்று அறிவித்தது. போர்ட்டிக்சன் என்றால் நம்மவர்கள் பஸ் பிடித்துப் பிக்னிக் போகும் இடம். தமிழ்நாட்டிலும் 1981இல் வயலூரில் மட்டி தின்று மூவர் செத்திருக்கிறார்கள்.

நம்மால் முடிவது, முடியாதது

சிப்பியில் நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று வீட்டில் சொல்ல முடியாது. ஒரு கிலோ சதையில் 800 மைக்ரோகிராம் சாக்சிடாக்சின் என்பதுதான் எல்லை. அதை அளக்க முறையான லேப் வேண்டும். வெள்ளிக் காசு கறுக்கிறதா, ஈ மொய்க்கிறதா, பூனை தின்கிறதா என்ற சோதனைகளையெல்லாம் தூக்கிப் போடுங்கள். கொதிக்க வைத்தாலும் ஐஸில் வைத்தாலும் இந்த நஞ்சு போகாது; அவித்தால் கொஞ்சம் சூப்பில் இறங்கும், அவ்வளவுதான். புளி ஊற்றினால் முறிந்துவிடும் என்று என் அத்தையே சொல்வார். உண்மையில் புளிப்பில் சாக்சிடாக்சின் இன்னும் நிலையாக நிற்கும்.

நம்மால் முடிவது வேறு. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே நீர்மட்டத்தில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் தண்ணீர் எடுத்துப் பார்ப்பது. வழக்கமாக இருப்பது எது என்று தெரிந்து வைப்பது. வழக்கமில்லாத ஒன்று தலைகாட்டினால் அன்றைக்கே புட்டியோடு அதிகாரியிடம் போவது. மீன்வளத் துறையின் ஆட்களால் எல்லா ஜெட்டியிலும் தினமும் நிற்க முடியாது. கூண்டில் வேலை செய்யும் என் தம்பி தினமும் நிற்கிறான்.

வேண்டிய சாமான்

நிறைய வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டிகள், முடிந்தால் பழுப்பு நிறம். தண்ணீர்ச் சூடு பார்க்க வெப்பமானி. உவர்ப்பு பார்க்கும் சிறிய ரிஃப்ராக்டோமீட்டர். இறால் குளத்துக்காரர்கள் வைத்திருப்பார்கள், மலிவு. ஆக்சிஜன் மீட்டர் கிடைத்தால் நல்லது. 20 மைக்ரான் துளையுள்ள வலைத்துணி. இந்தத் துணியைத் தேடித்தான் பலர் அலைவார்கள். ஸ்க்ரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில் நுண்ணிய வலைத்துணி இருக்கும். நூல் எண்ணிக்கையைச் சொல்லாமல் துளை எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். அதைக் கூம்பாகத் தைத்து, வாயில் பி.வி.சி. வளையமும் அடியில் சின்னப் புட்டியும் கட்டினால் வலை தயார்.

பெயின்ட் வாளி மூடியில் வெள்ளையும் கறுப்பும் அடித்து, நடுவில் கயிறு கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கும் செக்கித் தட்டு என்று ஒன்று உண்டு. எந்தக் கையேட்டை எடுத்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். எங்கள் சேற்றுக் கடலில் அதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. கிரியான் ஆறு வண்டல் கொண்டுவரும் நாளில் பாசி இல்லாமலே தட்டு மறைந்துவிடும். கிழக்குக் கரையிலோ தீவுகளிலோ இருப்பவர்கள் செய்யுங்கள்.

மைக்ராஸ்கோப் நூறு மடங்கும் நானூறு மடங்கும் காட்டினால் போதும். பள்ளி அலமாரியில் துணி போர்த்தித் தூங்குவதை எழுப்புங்கள்.

எப்போது, எங்கே

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், தண்ணீர் ஏறி நிற்கும் நேரமாகப் பார்த்து எடுங்கள். ஏற்ற நேரம் நாளுக்கு நாள் தள்ளிப் போவதால் இரண்டும் ஒன்றுசேரும் நாளை அட்டவணையில் பார்த்து முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அலெக்சாண்ட்ரியம் போன்றவை நீந்தும்; பகலில் மேலே வரும், இரவில் கீழே இறங்கும். ஒருமுறை விடியலிலும் மறுமுறை உச்சியிலும் எடுத்தால் எண்ணிக்கை ஏறி இறங்குவது பாசியாலா கடிகாரத்தாலா என்றே தெரியாது. நீர் வற்றும்போது எடுத்தால் புட்டியில் பாதி சேறுதான்.

மேல் தண்ணீர் மட்டும் போதாது. ஒன்று, மேலிருந்து அரை மீட்டர் கீழே. இன்னொன்று, கூண்டு வலையின் அடி ஆழத்தில். கயிறும் எடைக்கல்லும் கட்டிய புட்டியில், இழுத்தால் கழலும் ரப்பர் மூடி போட்டால் கீழ்த் தண்ணீர் கிடைக்கும்.

எந்த நாளில் கூடுதல் கவனம்? கனமழை பெய்து ஓய்ந்து, மூன்று நான்கு நாள் வெயிலடித்து, காற்றில்லாமல் கடல் அசையாமல் கிடக்கும்போது. மழை நிலத்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் ஆற்றில் இறக்கியிருக்கும். நன்னீர் மேலே அடுக்காக நிற்கும். வெயில் மீதியைச் செய்யும். தோட்டத்தில் உரம் போடும் மாதத்தையும் நான் நோட்டில் குறிப்பேன். யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை. சுத்திகரிக்காத ஆலைக் கழிவின் பி.ஓ.டி. லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வரை இருக்கும் என்பதும், செம்பனை ஆலைகளுக்கான 1977 விதிமுறைகளின்படி ஆற்றில் விட 100தான் எல்லை என்பதும் என் வேலையிலேயே தெரியும். ஊர்ச் சாக்கடை, இறால் குளம், கூண்டிலேயே மிஞ்சும் தீனி என்று மற்றதும் சேரும். அலெக்சாண்ட்ரியத்தின் உறங்கும் வித்து சேற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, கலக்கி விட்டால் எழும். ஒரு பெருக்கத்துக்கு ஒரே காரணத்தைக் கைகாட்டுபவரிடம் எத்தனை மாத நோட்டு இருக்கிறது என்று கேளுங்கள்.

வலையும் புட்டியும்

இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வலையில் கிடைப்பது என்ன இனம் என்று பார்க்க. புட்டியில் கிடைப்பது எத்தனை என்று எண்ண. வலையில் எவ்வளவு தண்ணீர் ஓடியது, சேறு அடைத்து எவ்வளவு வெளியே வழிந்தது என்று யாருக்கும் தெரியாது, அதனால் அதில் எண்ணிய எண் செல்லாது.

வலையைச் செங்குத்தாக இறக்கி மெதுவாக இழுங்கள். அடிப்புட்டியில் சேர்ந்ததை உயிரோடு கொண்டுவர வேண்டும். நிழலில் வையுங்கள், ஐஸில் புதைக்காதீர்கள், மூடியை இறுக்காதீர்கள், அன்று மத்தியானத்துக்குள் பாருங்கள். ஓடற்ற மென்மையான இனங்கள், அடுத்துச் சொல்லும் லூகால் மருந்து பட்டால் உருக்குலைந்துவிடும். 2014இல் ஜொகூர் நீரிணையில் கூண்டு மீன்களைக் கொன்ற கார்லோடினியம் அந்த வகை. உயிரோடு நீந்தும்போது பார்த்தால்தான் உண்டு.

எண்ணும் புட்டிக்கு, செல்களைக் கெடாமல் வைக்கும் லூகால் கரைசல். பொட்டாசியம் அயோடைடு 10 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் முதலில் கரையுங்கள். அது கரைந்த பிறகு அயோடின் 5 கிராம். அதுவும் கரைந்த பிறகு அடர் அசிட்டிக் அமிலம் 10 மில்லி. இந்த வரிசையை மாற்றினால் அயோடின் அடியில் கல்லாகக் கிடக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, காற்றோட்டமான இடத்தில், ஆசிரியரோ லேப் ஆளோ செய்ய வேண்டிய வேலை, பிள்ளைகளிடம் விடாதீர்கள். பழுப்புப் புட்டியில் இருட்டில் வையுங்கள். மருந்துக்கடையில் புண்ணுக்கு விற்கும் அயோடின் வேறு, அதை ஊற்றினால் வேலைக்காகாது.

ஒரு லிட்டர் கடல்நீருக்கு 10 மில்லி போதும். நிறம் தே ஓ (பாலில்லாத் தேநீர்) போல வர வேண்டும். அதைவிட வெளிறினால் இன்னும் சில துளி. கோப்பி நிறத்துக்குப் போனால் செல்லெல்லாம் கறுத்து எதுவும் அடையாளம் தெரியாது. அயோடின் நாளாக நாளாக வெளிறும், அதனால் எடுத்து வைத்த புட்டிகளை மாதம் ஒருமுறை பார்த்துச் சொட்டு விடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு புட்டி எடுங்கள். ஒன்று நமக்கு, ஒன்று யாராவது கேட்டால் கொடுக்க.

எண்ணுவது

மருந்திட்ட ஒரு லிட்டரை அளவுக் குழாயில் ஊற்றி இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். மேலிருக்கும் தண்ணீரை மெல்லிய ரப்பர் குழாயால், கீழே கலங்காமல், 50 மில்லி மிஞ்சும் வரை உறிஞ்சி எடுங்கள். மிஞ்சியதை மெதுவாகக் கலக்கி, ஒரு மில்லியை செட்ஜ்விக்–ராஃப்டர் தட்டில் (செல் எண்ணுவதற்கான கட்டம் போட்ட தட்டு) விடுங்கள். ஐம்பது மில்லிமீட்டர் நீளம், இருபது அகலம், ஒன்று ஆழம், ஆயிரம் கட்டம். நூறு மடங்கில் வரிசை வரிசையாக எண்ணுங்கள்.

கணக்கு எளிது: தட்டில் ஒரு செல் என்றால் கடலில் லிட்டருக்கு 50. ஆறு செல் என்றால் 300. தட்டில் ஒன்றும் இல்லையென்றால் 'பூஜ்யம்' என்று எழுதாதீர்கள், '50க்குக் கீழ்' என்று எழுதுங்கள். லேப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித்தரும் ஒழுக்கம் இது. இருபது மில்லியை மட்டும் பார்த்துவிட்டுக் கடலே சுத்தம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

எதைத் தேடுவது? அலெக்சாண்ட்ரியம் உருண்டையாக, 25 முதல் 40 மைக்ரான் வரை, இடுப்பில் ஒரு பள்ளத்தோடு இருக்கும். உயிரோடிருந்தால் சுழன்றுகொண்டே முன்னேறும். செபாத்துவிலும் குவாந்தானிலும் வந்த இனம் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு நீந்தும். சபாவின் பைரோடினியமும் சங்கிலிதான். நாக்டிலூக்கா பெரியது, வெறுங்கண்ணுக்கே தெரியும் பொடி. சூடோ-நிட்சியா ஊசி ஊசியாக, நுனி மேல் நுனி ஏறி நிற்கும். 1987இல் கனடாவில் கூப்பாங் தின்றவர்களின் நினைவாற்றலைக் கெடுத்த நஞ்சு இந்த வகையிலிருந்து வந்தது. படங்களோடு ஒப்பிட வேண்டுமானால், கிரஸ் உசுப், லிம் போ தீன் போன்ற மலேசிய ஆய்வாளர்களின் கட்டுரைகளில் நம் கடல் இனங்களே இருக்கின்றன. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையமும் நச்சு நுண்பாசிகளின் பெயர்ப்பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது.

இனத்தின் முழுப் பெயரை நாம் எழுத வேண்டாம். உடம்பைப் போர்த்திய தகடுகளைச் சாயமேற்றிப் பார்த்தோ மரபணுவை வைத்தோதான் அதைச் சொல்ல முடியும். 'உருண்டை, பள்ளம் உண்டு, நான்கு செல் சங்கிலி, 30 மைக்ரான்' என்று எழுதி, போன் கேமராவை மைக்ராஸ்கோப் கண்ணில் வைத்து எடுத்த படத்தைச் சேர்த்தால் போதும். படிக்கத் தெரிந்தவருக்கு அது நிறையச் சொல்லும்.

கூண்டுக்காரருக்கு: விடியலுக்கு முன் ஆக்சிஜன்

சிப்பி தின்பவருக்கு நஞ்சு பெரிது. மீன் வளர்ப்பவருக்கு மூச்சு பெரிது. 29 டிகிரிச் சூட்டில், உவர்ப்பு 30 உள்ள நீரில், ஆக்சிஜன் ஏறத்தாழ லிட்டருக்கு 6.5 மில்லிகிராமில் நிறைந்துவிடும். மத்தியானம் மீட்டர் ஒன்பது, பத்து காட்டுகிறதா? தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று தவுக்கே சந்தோஷப்படுவார். நீங்கள் படக்கூடாது. பாசி ஏராளமாக இருந்து வெயிலில் ஆக்சிஜனைக் கக்குகிறது என்று அர்த்தம். இரவில் அதே பாசி அத்தனையையும் திரும்ப எடுக்கும். அதனால் அடுத்த விடியல், வெளிச்சம் வருமுன் அளந்து பாருங்கள். 2க்குக் கீழே போனால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். மத்தியான அளவுக்கும் விடியல் அளவுக்கும் உள்ள இடைவெளி நாளுக்கு நாள் விரிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நிறம் மாறுமுன் அது மாறும்.

மீட்டர் இல்லாதவர், கரைந்த ஆக்சிஜனை ரசாயனத்தால் அளக்கும் விங்க்ளர் டைட்ரேஷன் செய்யலாம். பி.ஓ.டி. பார்க்கும் எந்த மில் லேப்காரருக்கும் அது கைவந்த வேலை, பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரைப் பிடியுங்கள்.

இடைவெளி விரிந்தால்: அன்றே தீனியை நிறுத்துங்கள். தின்ற மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். இரவில் காற்று அடியுங்கள். விற்கும் அளவுக்கு வந்ததை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மிதக்கும் கூண்டை நல்ல தண்ணீருக்கு இழுக்க முடிந்தால் இழுங்கள். கொரியாவில் 1990களிலிருந்து மஞ்சள் களிமண்ணைத் தூவிப் பாசியை அடியில் படியவைக்கிறார்கள். இங்கே துறையைக் கேட்காமல் யாரும் கடலில் மண்ணைக் கொட்டாதீர்கள்.

நோட்டு

பென்சிலில் எழுதுங்கள், பேனா மை நனைந்தால் போய்விடும். தேதி, நேரம், ஏற்றமா வற்றமா, இடம், சூடு, உவர்ப்பு, ஆக்சிஜன், தண்ணீர் நிறம், நுரை, வாடை, முந்தின நாட்களின் மழை, செத்த மீன் என்ன இனம், எண்ணிக்கை. ஒன்றும் இல்லாத நாளிலும் எழுத வேண்டும். தம்பி முதலில் இதற்கு மசியவில்லை. "ஒண்ணுமே இல்லையேக்கா, எதை எழுதச் சொல்றே?" என்பான். ஒன்றுமில்லாத பக்கங்கள் ஒரு வருஷத்துக்குச் சேர்ந்த பிறகுதான் என்றைக்கு என்ன புதிது என்று தெரியும்.

படகுக்காரப் பாக்சிக்கின் (பெரியவரின்) பேச்சையும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன். எந்தப் பக்கம் இரவில் மின்னியது, எங்கே வலை வழவழத்தது என்று அவருக்குத் தெரியும். மீட்டருக்குத் தெரியாது.

யாரிடம் சொல்வது

தட்டில் சந்தேகப்பட்ட சங்கிலி தென்பட்டாலோ, நிறம் மாறினாலோ, மீன் மிதந்தாலோ மாவட்ட மீன்வள அலுவலகத்துக்கு அன்றே போன் செய்யுங்கள். பினாங்குக்காரர்களுக்கு பத்து மாவுங்கில் மீன்வள ஆராய்ச்சிக் கழகமே இருக்கிறது. எந்த இடம், எத்தனை மணி, எத்தனை செல், புட்டி கையில் இருக்கிறது என்று சொன்னால் விஷயம் சீக்கிரம் நகரும். சிப்பி மாதிரி எடுப்பதை அதிகாரிகளிடம் விடுங்கள். அவர்கள் முடிவு சொல்லும் வரை வாட்ஸ்அப் குழுக்களில் படத்தைப் பரப்பாதீர்கள். நாக்டிலூக்காவைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் விஷம் என்று சொன்னால் கேராங் விற்பவர் வயிற்றில் அடி விழும், அடுத்த முறை உண்மையாகவே வரும்போது ஒருவரும் நம்ப மாட்டார்.

தடை அறிவித்தால் சிப்பி வகை எதையும் தொடாதீர்கள். சார் குவே தியாவ் நூடுல்ஸில் போடும் கேராங்கும் அதில் சேர்த்திதான். தண்ணீர் தெளிந்த அன்றே நஞ்சு இறங்கிவிடாது. கூப்பாங்குக்கு வாரக்கணக்கில் ஆகும், சில சிப்பிகளுக்கு மாதங்கள். துறை தடையை நீக்கியதா என்பதை மட்டும் பாருங்கள். மீனையும் இறாலையும் குடல், தலை நீக்கிச் சமைக்கலாம்; ஆனால் செத்து மிதந்ததை அள்ளி வராதீர்கள்.

சிப்பி சாப்பிட்ட அரை மணியிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் விரல்நுனியும் மரத்தால், நடை மிதப்பது போல் இருந்தால், மோரும் எலுமிச்சையும் கொடுத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே 999ஐக் கூப்பிடுங்கள். மாற்று மருந்து கிடையாது. மூச்சு நிற்காமல் ஆஸ்பத்திரியில் தாங்கிப் பிடித்தால் ஒரு நாளுக்குள் ஆபத்துக் கட்டம் பெரும்பாலும் தாண்டிவிடும். மிச்சமிருக்கும் சிப்பியைக் கொட்டிவிடாமல் பையில் கட்டிக் கையோடு கொண்டுபோங்கள், எங்கே வாங்கினீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலையை ஒவ்வொரு முறையும் நன்னீரில் அலசி நிழலில் காய வையுங்கள். இல்லாவிட்டால் போன முறைச் செல் இந்த முறைக் கணக்கில் வரும்.